அத்தைக்குத் திரை எதற்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் சுகம். போன மாதம் எழுதியிருந்தால் இந்த வரியை வெறும் வழக்கத்துக்காக எழுத வேண்டியிருந்திருக்கும், அதனால்தான் எழுதவில்லை. உன் இருமல் விட்டதா? போனில் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை தொண்டையைச் செருமுகிறாய், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய், ஒன்றுமில்லாததற்கு யாரும் செரும மாட்டார்கள். வெந்நீர் குடி. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு அந்தப் பஞ்சு மெத்தைதான் காரணம் என்று நான் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, இப்போது டாக்டர் சொன்ன பிறகு பலகை மாதிரி மெத்தை வாங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து சரி செய்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தாள்.

போன வாரம் நீ போனில் அத்தை எப்பம்மா கிளம்புறாங்க என்று கேட்டாய், நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. உன் அத்தை அடுத்த அறையில் இருந்தாள், கண் போனதிலிருந்து அவளுக்குக் காது எப்படி ஆகிவிட்டது என்றால், நான் மாடியில் மாத்திரை அட்டையைக் கிழித்தால் கீழே இருந்து, அண்ணி, இப்பதானே ஒண்ணு போட்டீங்க என்கிறாள். அப்படிப்பட்டவள் இருக்கும் வீட்டில் அவளைப் பற்றி போனில் பேச முடியாது. அதனால் கையால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி, சமையல் செய்துகொண்டே படிக்காதே.

அவள் முதியோர் இல்லத்துக்குப் போக முடிவு செய்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். கண்ணின் நடுப்பாகம் போய்விட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, இனி இதற்கு மருந்து இல்லை என்று கண் டாக்டர் சொன்ன நாளில், அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, துணி மடித்து வைத்தாள். அழவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டது. மறுநாள் காலை பேப்பர் வந்தபோது அவள் வழக்கம்போல அதை எடுத்து, பிரித்து, முகத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து என்னிடம் நீட்டினாள். அந்தப் பேப்பரைச் சத்தமாக வாசித்து, அமைச்சரில் இருந்து அழகு நிலைய விளம்பரம் வரைக்கும் எல்லோரையும் கிண்டல் செய்துகொண்டே டீ குடிக்கிறவள் அவள், நீ சின்ன வயசில் பள்ளிக்கூட வண்டியைத் தவறவிட்டதெல்லாம் அந்தக் கிண்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததால்தான். சரி, நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். கான்வென்டில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. அதுதான் தொல்லையாகப் போயிற்று. அச்சுப்பிழை வந்தால் நான் நிறுத்தித் திருத்திவிட்டுத்தான் மேலே போவேன். சினிமாப் பக்கத்தையும் மரண அறிவிப்பையும் தாண்டிவிடுவேன், அவளுக்கு அவை இரண்டும்தான் முக்கியம். ஒரு நாள், அண்ணி, நீங்க வாசிக்கிறது பேப்பர் படிக்கிற மாதிரி இல்ல, எனக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கு என்றாள். எனக்குக் கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவள் வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானாக எடுத்தால், தலை வலிக்குது என்பாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, தட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள், இல்லத்துக்குப் பேசிட்டேன், மாசம் பொறந்ததும் அறை தர்றாங்களாம் என்று. போன் பொத்தான்களை விரலால் தடவி எண்ணி, யாரிடமும் கேட்காமல் தானே பேசியிருக்கிறாள். எதுக்கு என்று கேட்டேன். உங்களுக்கு நான் பாரம்னு சொல்லல அண்ணி, எனக்கே நான் பாரமா இருக்கேன், அங்க சம்பளத்துக்கு ஆள் வெச்சு வாசிச்சுக் காட்டுவாங்க, சம்பளம் வாங்குறவங்ககிட்ட நான் தைரியமாத் திரும்ப வாசின்னு சொல்லலாம், அதோட இது அண்ணன் இருந்தவரைக்கும் அண்ணன் வீடு, இப்ப அண்ணி வீடு என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உன் விருப்பம் என்றேன். நீ என்னைத் திட்டுவாய் என்று தெரியும். ஆனால் பாப்பா, போகாதே என்று நான் சொல்லியிருந்தால் அவள் அதை இரக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள், இரக்கப்பட்ட இடத்தில் அவள் ஒரு நாள்கூட இருக்க மாட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்று எனக்கு முதலில் நாற்காலி போட்டது அவள், அந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்று சொல்லாமல் போட்டதும் அவள்தான்.

அவளோடு கண் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் மடியில் சின்னக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காதில் ஒயர் மாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் சுத்தமாகத் தெரியாது என்று நர்ஸ் சொன்னாள், மெஷின் எழுத்தை வாசிக்கிறது, அவர் கேட்கிறார். அப்போதே எனக்கு உன் அறைக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. நீ கல்லூரியில் படித்தபோது வாங்கியது, போன தடவை வந்தபோது, குப்பைல போடும்மா என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான். நான் எதையும் குப்பையில் போடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாம், நீயும் அனுப்பியிருப்பாய், ஏன் செய்யவில்லை என்று கேட்பாய். புதிதாக வாங்கினால் அது அவளுக்காக வாங்கியதாகிவிடும், பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டாள். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எடுத்து நான் நோண்டினால், அது அண்ணிக்குப் பொழுது போகாமல் செய்கிற வேலை, அதில் அவளுக்கு மறுப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. போனிலேயே வாசிக்கும் வசதி இருக்கிறது என்று சொல்லாதே, அந்தக் கண்ணாடிப் பரப்பில் விரல் வைக்க அவளுக்கு ஒரு இடமும் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை டைப்பிஸ்டாக இருந்தவள், வேலையில் இருந்தபோதே விசைகளைக் குனிந்து பார்த்தது கிடையாது. அவள் விரலுக்கு விசை வேண்டும்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார், எது கேட்டாலும் சரிப்பட்டு வராதும்மா என்பார், தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டினேன். மூடியைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, இதுல ராம் அரை ஜிபிதாம்மா இருக்கு, இப்ப வர்ற எதுவும் இதுல ஏறாது என்றார். ராம் என்றால் மெஷின் வேலை செய்கிற மேஜையின் அகலம் என்று நான் புரிந்துகொண்டேன், இது ஸ்டூல் அளவுதான் இருக்கிறதாம். கூடுதலாகப் போட முடியாதா என்றால் அந்தக் காலத்து ராம் இப்போது கிடைப்பதில்லை. அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸுக்குப் பதிலாப் போடறது, காசில்ல, பழைய மெஷினுக்குன்னே லேசா செஞ்சு வெச்சிருக்காங்க, ஆனா அதை நீங்களே பாத்துப் போடணும், உங்களுக்குச் சரிப்பட்டு வராது என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் விட்டிருந்தாலும் விட்டிருப்பேன்.

உன் பழைய படங்களையும் பாட்டுகளையும் முதலில் ஒரு டிஸ்க்கில் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, உன் அலமாரியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன், கவலைப்படாதே. அதற்குப் பிறகுதான் அழித்தேன். செய்முறையை மூலையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வாங்கி, நான் நூலக வேலையில் இருந்தபோது புதுப் புத்தகம் வந்தால் எப்படி முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுத்தான் அடுக்குவேனோ அப்படி முழுக்கப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். இதன் மூளையாக இருக்கும் சில்லு பழைய வகை, இப்போது வருகிற லினக்ஸ்களில் பாதி இதைச் சேர்த்துக்கொள்வதே இல்லை, பழையதையும் சேர்த்துக்கொள்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் இந்த மெஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, சரிப்பட்டு வராதவர் சிடியில் எழுதித் தந்த பிறகு ஏற்றுக்கொண்டது. வயர் இல்லாத இன்டர்நெட்டும் அதற்குத் தெரியவில்லை, கூடத்தில் இருந்து நீள வயர் இழுத்தேன், அதில் நானே ஒரு தடவை தடுக்கினேன், விழவில்லை. இதையெல்லாம் செய்த பிறகும் இணையத்தில் இருந்து எதை வரவழைத்தாலும் இதை நம்ப முடியாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஓரத்தில் காட்டிய தேதியைப் பார்த்தேன், நீ பள்ளிக்கூடத்தில் இருந்த வருஷம், மெஷினை வாங்குவதற்கும் முன்னால். உள்ளே இருக்கும் காசு மாதிரியான சின்ன பேட்டரி செத்துப்போய், கரண்டைப் பிடுங்கினால் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது, அதன் கணக்கில் இணையத்தளங்கள் தங்களை யாரென்று காட்டுகிற சான்றுகள் எல்லாம் இன்னும் பிறக்காத தேதி போட்டவை, எப்படி நம்பும்? தேதி தப்பாகப் போட்ட காகிதத்தை நானும் நம்ப மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்கு அதன்மேல் மரியாதைதான் வந்தது. கைக்கடிகாரக் கடையிலேயே பேட்டரி கிடைத்தது.

இவ்வளவும் நடக்கும்போது உன் அத்தை அடுத்த அறையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். மெஷினின் விசிறி கர்ரென்று சுற்றும், அண்ணி, மாவு அரைக்கிறீங்களா என்பாள். நான் எனக்குள் பேசிக்கொண்டே வேலை செய்வது உனக்குத் தெரியும், அதற்கும் பதில் சொல்வாள். யாருக்கு இது என்று ஒரு தடவை கேட்டாள், எனக்குத்தான், பொழுது போகவில்லை என்றேன். இருக்கிற பொழுது போதலேன்னு சொன்னவங்க நீங்க என்றாள். ஆனால் எழுந்து வரவில்லை. அவளுடைய பெட்டி கட்டில்மேல் திறந்து கிடந்தது. மாசம் பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. துணிகளுக்கு உள்பக்கம் காலரில் பொத்தான் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள், வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, பூப்போட்டதுக்குத் தட்டையாக ஒன்று, அங்கே போய் யாரிடமும் இது என்ன நிறம் என்று கேட்க வேண்டாமே என்று. நான் தைத்தேன். மெஷின் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடைவெளியில் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பொத்தான் தைத்தேன். தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு, நான் தைச்சுத் தர்றேனே அக்கா என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். உன் அத்தை போவதற்கான வேலையை ஒரு கையாலும், போகாமல் இருப்பதற்கான வேலையை இன்னொரு கையாலும் செய்துகொண்டிருந்தேன், இரண்டில் எது முதலில் முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

லினக்ஸ் ஏறிவிட்டது. திரையில் ஒரு மலை, கீழே சின்னச் சின்னப் படங்கள், எல்லாம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாசிக்கும் குரலையும் ஏற்றினேன். அது மூக்கடைத்த ஆண் குரல், நம் தமிழைத் தபாலில் படித்தவன் மாதிரி வாசிக்கிறது. ஆனால் அது பாதகமில்லை. கொடுமை என்னவென்றால், திக்கியது. ஒரு வாக்கியத்தில் பாதியைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்ட பிறகு மீதியைச் சொல்லும். திரையில் படமும் ஜன்னலும் காட்டுகிற பகுதிக்கு டெஸ்க்டாப் என்று பெயர், லேசானது என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு அதைவிட லேசானதைப் போட்டேன். மலையை எடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கினேன், அப்படியிருந்தால் கண் குறைந்தவர்களுக்கு நல்லது என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. ராம் போதாமல் அது வன்தட்டில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறதாம், சமையலறையில் இடம் இல்லை என்று பாத்திரத்தையெல்லாம் மாடியில் வைத்துவிட்டு ஒவ்வொரு கரண்டிக்கும் படியேறுவது போல. குரல் திக்கிக்கொண்டேதான் இருந்தது. இப்படித் திக்குகிற ஒன்றை அவள் முன்னால் வைத்தால், பாவம் அண்ணி கஷ்டப்பட்டிருக்காங்க என்று எனக்காகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். அதற்கு அவள் இல்லத்துக்கே போகலாம்.

அன்று சாயங்காலம் பேப்பரின் மரண அறிவிப்புப் பக்கத்தை அதை வாசிக்கச் சொல்லிச் சோதித்துக்கொண்டிருந்தேன். அன்னாரது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. வாசற்படியில் இருந்து உன் அத்தையின் குரல், அன்னாரது என்ன ஆச்சு என்று. சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இறுதிச் சடங்கு என்று அது முடித்தது. அதற்குள்ள அன்னாரை எடுத்தே முடிச்சிருப்பாங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை பாப்பா, நாள் இல்லை என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் நிக்குது என்று கேட்டாள். சொன்னேன், திரையில் ஜன்னல் வரைய வேண்டும், எழுத்தைப் பெரிதாக வரைய வேண்டும், அம்புக்குறி எங்கே போகிறது என்று பார்த்து அதை நகர்த்தி வரைய வேண்டும், அதுக்கே இருக்கும் ராமெல்லாம் போய்விடுகிறது, மிச்சத்தில்தான் குரல் என்று.  பிறகு, படம் யாருக்கு அண்ணி என்றாள். என்ன என்றேன். இந்தப் படமெல்லாம் யாருக்கு வரையுது, எனக்கா உங்களுக்கா என்றாள்.

 கறுப்பில் மஞ்சள் எழுத்து, விரல் நீளத்துக்கு ஒவ்வொன்றும், எதிரே ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அத்தனை நாளாகக் கண்ணில்லாதவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்திருக்கிறேன். திரை இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்பதே என் புத்திக்கு எட்டவில்லை. இது உனக்கென்று யார் சொன்னது, எனக்குத்தான் பொழுது போகவில்லை என்றேனே என்று சமாளித்துப் பார்த்தேன். மரண அறிவிப்பை நீங்க எப்ப இருந்து படிக்கிறீங்க என்றாள். 

மறுநாள் காலை மறுபடியும் முதலில் இருந்து போட்டோம். போட்டோம் என்றுதான் எழுத வேண்டும், நான் திரையில் வருவதை வாசித்தேன், அவள் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு அடித்தாள். நடுவில் ஒரு இடத்தில் எதெது வேண்டும் என்று அது வரிசையாகக் கேட்கும், டெஸ்க்டாப் என்பதற்கு எதிரே ஒரு நட்சத்திரக் குறி தானாகவே போட்டிருக்கும், நான் ஒவ்வொரு தடவையும் அதை மரியாதையாக அப்படியே விட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன். இந்தத் தடவை அதை எடுக்கச் சொன்னேன். படம் இல்லை, ஜன்னல் இல்லை, அம்புக்குறி இல்லை, எழுத்தும் குரலும் மட்டும். அந்த அரை ஜிபியில் பாதிகூட அதற்குத் தேவைப்படவில்லை. குரல் முதல் வார்த்தையில் இருந்தே தடங்கல் இல்லாமல் வந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கிலீஷில் ஒரு பக்கம் கேட்டுவிட்டு, ரொம்ப நிதானமாப் பேசுறான், வேகமாக்க முடியுமா என்றாள். வேகமாக்கினேன். இன்னும் என்றாள். இன்னும் என்றாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, தகரத்தில் கொட்டும் மழை மாதிரி இருந்தது, அவளுக்குப் புரிந்தது, நடுநடுவே சிரித்தாள். அலுவலகத்தில் பெரிய அதிகாரி பேசப் பேச அடித்தவள், காது விரல் எல்லாம் அந்த வேகத்துக்குப் பழகியவை. எங்க ஆபீஸ்ல ஒரு குமாஸ்தா இருந்தான், இதே மூக்கு, இதே அவசரம் என்றாள். அன்றிலிருந்து மெஷினின் குரலுக்குக் குமாஸ்தா என்று பெயர்.

அதோடு என் கவலை முடியவில்லை. அடுத்து ஒரு தமிழ்த் தொடர்கதையைத் திறந்தால் திரையில் எழுத்தே வரவில்லை, கட்டம் கட்டமாக வந்தது, ஒரு பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள்.  ஐயோ, தமிழ் போச்சு என்றேன். எங்க போச்சு, குமாஸ்தா படிச்சிட்டுத்தானே இருக்கான், கதாநாயகிக்கு இப்பதான் கல்யாணம் நிச்சயமாச்சு என்றாள். நான் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவள் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள். எழுத்தெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்டத்தான் அதற்குத் தெரியவில்லை. அப்புறம் அவள் கையை நீட்டித் தடவி, அந்தப் பெட்டி மாதிரியான மானிட்டரைத் தொட்டுப் பார்த்து, இது சும்மா சூடாகுது என்று சொல்லி வயரைப் பிடுங்கினாள். தையல்காரம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை உன் அறை மூலையில் கொண்டுபோய் வைத்தோம். அது இருந்த இடத்தில் இப்போது அவளுடைய டீ டம்ளர் இருக்கிறது.

இப்போது காலையில் பேப்பரை அவள்தான் எனக்குச் சொல்கிறாள். இணையத்தில் இருந்து படமும் விளம்பரமும் உதிர்ந்துபோய் எழுத்து மட்டும் வருகிறது, குமாஸ்தா கொட்டித் தள்ளுகிறான், அவள் கேட்டுவிட்டு எனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துத் தன் பாஷையில் சொல்கிறாள், கிண்டலோடு. சினிமாப் பக்கத்தையும் விடுவதில்லை, வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. சாயங்காலம் விளக்குக்கூடப் போடாமல் அந்த அறையில் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாள், என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது, எட்டிப் பார்க்கத் திரை இல்லை. அறுபது வருஷமாக மற்றவர்கள் எழுதினதில் பிழை பார்த்தே பழகிவிட்டேன், அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் வாசலில் நின்று, கமா எல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். நீங்க தூங்கப் போங்க அண்ணி என்றாள். அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை.

இல்லத்தைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டி கட்டில்மேலேயேதான் இருந்தது, மூடியும் இல்லை, திறந்தும் இல்லை. மெஷினை அங்கே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கே தோன்றியது, அதுதான் நியாயம், அவளுடையதுதானே. ஒரு தடவை அதைச் சொல்ல வாய் எடுத்தேன், டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நேற்று முன்தினம் இல்லத்து மேனேஜரம்மா போன் செய்தாள், அறைக்கு வெள்ளையடித்துத் தயாராக இருக்கிறது, எப்போது வருகிறார்கள் என்று. நான் போனைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன், காதில் விழக் கூடாது என்று. பிறகு குழாயை மூடிவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னது இதுதான். இல்லீங்க, இப்ப வர்றதுக்கில்ல, எங்க வீட்டுல ஒரு பழைய மெஷின் இருக்கு, அதை நான்தான் பாத்துக்கணும், எங்க அண்ணிக்குத் திரை இல்லாம ஒண்ணும் ஓடாது, அவங்களைத் தனியா விட்டா மறுபடியும் மலைப் படம் வெச்சிருவாங்க. அந்த அறையை வேற யாருக்காவது குடுத்துருங்க. போனை வைத்துவிட்டு, கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், அண்ணி, கதவுகிட்ட நிக்காம டீ போடுங்க என்றாள்.

டீ போட்டேன். பெட்டியை நேற்று நான்தான் பரண்மேல் ஏற்றினேன். பொத்தான்களைப் பிரித்துவிடவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், இங்கயும் எனக்கு நிறம் தெரியணும்ல என்றாள்.

இனி உனக்கு. உடம்பைப் பார்த்துக்கொள், தூங்குகிற நேரத்தில் தூங்கு, மாப்பிள்ளையைக் கனமான எதையும் தூக்க விடாதே. உங்கள் மூன்று பேருக்கும் எல்லா நலமும் வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், நான் வேண்டுவதை அரைகுறையாகச் செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். அத்தைக்கு இப்போது சொந்தமாக மெயில் இருக்கிறது, முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நான் சொன்ன எதையும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. ஒன்று மட்டும் மறக்காதே. நீ எப்போதும் படமாகவே அனுப்புகிறாய், கூட ஒரு சிரிக்கிற பொம்மை, அவ்வளவுதான் உன் கடிதம். போன வாரம் பேரனுக்குப் பல் விழுந்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தாய், நான் அதை அப்படியே அவள் மெயிலுக்கு அனுப்பிவைத்தேன். குமாஸ்தா, படம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அவள் அடுத்த வரிக்காக ரொம்ப நேரம் காத்திருந்தாள். நான் என் போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம், அவளே எழுதட்டும் என்றுவிட்டாள். எழுது பாப்பா. எந்தப் பல், மேல் வரிசையா கீழ் வரிசையா, ரத்தம் வந்ததா, அழுதானா, விழுந்த பல்லை என்ன செய்தான், எல்லாம் எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா